மடையின் அடிமட்டம் எங்கே இருக்கிறது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம், மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமம். சிவில் பி.இ. முடித்து, சென்னையில் அடுக்குமாடி கட்டும் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். போன வருடம் எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வாரினார்கள். மழையும் நன்றாகப் பெய்தது. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, ஆனால் மடையைத் திறந்தால் வயலுக்கு வரவில்லை. கடைசி இரண்டு தண்ணீரை அப்பா மோட்டார் வைத்து இறைத்துத்தான் பாய்ச்சினார். அதைப் பார்த்ததிலிருந்து நீர் மேலாண்மையும் சூழல் மீட்டெடுப்பும் படிக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பு, கட்டணம் 85,000. நெதர்லாந்தில் முதுகலை, 25 லட்சம் கடன் வாங்க வேண்டும். அல்லது இங்கேயே எம்.இ. அப்பாவோ டிஎன்பிஎஸ்சி எழுது என்கிறார். எதை எடுப்பது? இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா?

பதில்:

படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது கண்மாயில்தான். தண்ணீர் கிடக்கிறது, மடையில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பழக்கப்பட்ட வியாதி. அதை முதலில் பேசிவிடலாம். எந்தப் படிப்பு என்ற கேள்விக்கும் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

மடைக்கு ஓர் அடிமட்டம் உண்டு. தண்ணீர் அதற்கு மேல் நிற்கும்வரைதான் தானாக வயலுக்கு ஓடும். அதற்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் அங்கே தேங்குகிற தண்ணீர் மாடு குடிக்கும், மீன் வளரும், பக்கத்துக் கிணறு கொஞ்சம் ஊறும், வயலுக்கு வராது. தூர்வாரும் வேலைக்குக் கூலி கன மீட்டர் கணக்கில். பொக்லைனுக்கு எங்கே மண் லேசாக வருகிறதோ, லாரி எங்கே எளிதாகத் திரும்புகிறதோ, அங்கேதான் குழி விழும். மடைக்கு எதிரே மேடு அப்படியே இருக்கும், நடுவில் பத்தடிப் பள்ளம் இருக்கும். அப்புறம் வருகிற மழை முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பித்தான் மடைக்கு ஏற வேண்டும். தோண்டியதால் கண்மாயின் கொள்ளளவு கூடியது என்று காகிதத்தில் எழுதலாம், பொய்யும் இல்லை. உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த தண்ணீர் மட்டும் குறைந்துவிட்டது.

உங்கள் ஊரில் நடந்தது இதுதான் என்று இங்கிருந்தபடி அடித்துச் சொல்ல மாட்டேன். மடையே அடைத்திருக்கலாம், வாய்க்கால் மேடேறியிருக்கலாம். ஆனால் இந்தச் சந்தேகம் எனக்குச் சட்டென்று வருவதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தவறை நானே செய்திருக்கிறேன். ஒரு சின்னக் கண்மாய், எனக்குக் கிடைத்த முதல் எஸ்டிமேட். கரை நீளம், பரப்பு, ஆழம், மண் அளவு எல்லாம் போட்டேன். மடையின் அடிமட்டத்தை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு மேலே கையெழுத்துப் போட்ட யாரும் அதைக் கேட்கவும் இல்லை. வேலை நடக்கும்போது, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஊர் நீர்பாய்ச்சி, எழுபது வயதிருக்கும், கரையில் குந்தியிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “களியை எடுக்காதீங்கம்மா, தண்ணி நிக்காது.” கண்மாயின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த களிமண் ஒரு பூச்சு மாதிரி. அதை வழித்து எடுத்துவிட்டால் கீழே சரளையோ மணலோ இருந்தால் தண்ணீர் இறங்கிவிடும். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த வருடம் தை பிறப்பதற்குள் கண்மாய் வற்றியது. ஊர்க்காரர்கள் என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் படித்த முதுகலைப் படிப்பில் நீரியல் இருந்தது, பாசனப் பொறியியல் இருந்தது, எல்லாவற்றிலும் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். ஒரு கண்மாயை ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்து பார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எனவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் அந்தக் கண்மாயை அளந்து பாருங்கள், படிப்பை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள். வேலையை இப்போது விட வேண்டாம்.

எப்படி அளப்பது? சைட்டில் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலும் அதற்கான அளவுகோல் ஸ்டாஃபும் பிடித்த கை உங்களுடையது. இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இல்லாத மூலதனம் அது. ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுத்துப் போங்கள். நான்கு மட்டங்கள் முதலில் வேண்டும்: கரையின் உச்சி, மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கின் உச்சி, ஒவ்வொரு மடையின் அடி, தோண்டிய பள்ளத்தின் அடி. கோயில் படிக்கட்டு மாதிரி அசையாத ஓர் இடத்தை நூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்கு எதிராக எடுங்கள். பிறகு உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில், முப்பது மீட்டர் இடைவெளியில் மட்டங்கள். இதை வைத்து எந்த மட்டத்தில் எவ்வளவு தண்ணீர் என்று ஓர் அட்டவணை போட்டுவிடலாம். மடைக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

மழைமானி ஒன்று வாங்கி வீட்டு மொட்டை மாடியில் வைத்து, காலை எட்டரைக்கு அளக்க அப்பாவிடம் சொல்லுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது, ஒப்பிட வசதி. மடைத் தூணில் பெயின்டால் சென்டிமீட்டர் கோடு போட்டுவிட்டால் நீர்மட்டம் பார்க்க வேறு கருவி வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நீர்ப்பிடிப்பு 5 சதுர கிலோமீட்டர், ஒரு மழை 50 மில்லிமீட்டர் என்று வையுங்கள். விழுந்த தண்ணீர் இரண்டரை லட்சம் கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் 50,000 கன மீட்டர், நம் அலுவலக மொழியில் ஏறக்குறைய 1.8 மில்லியன் கன அடி. இது ஏட்டுக் கணக்கு. உங்கள் மழைமானியும் மடைக்கோடும் உண்மையில் எவ்வளவு வந்தது என்று சொல்லும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வரத்துக்கால் வழியே நடந்து போங்கள். எங்கேயாவது ரோடு போட்டுக் குழாயைச் சின்னதாக வைத்திருப்பார்கள், அல்லது யாராவது வரப்பை ஓர் அடி தள்ளிப் போட்டிருப்பார்கள். தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடமும் நில விவரம் உள்ள அ-பதிவேடும் பார்த்தால் கால்வாய் எந்தப் புல எண்ணில் ஓட வேண்டும் என்று தெரியும். மேல்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் உங்கள் கண்மாய்க்கு வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடுத்தவை. தனிக் கண்மாயை மட்டும் சரி செய்வது பெரும்பாலும் வீண் வேலை.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர், ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்றால், 24 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் 200 லோடு, ஒரே நாளில். இதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

நீர்பாய்ச்சி யாராவது உயிரோடு இருந்தால் அவரோடு நாலு நாள் கரையில் நடங்கள். கையில் நோட்டு வேண்டாம், வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். பெண்பிள்ளை லெவல் மெஷினோடு கரையில் நின்றால் முதலில் “யார் வீட்டுப் பிள்ளை?” என்றுதான் கேட்பார்கள். உங்களுக்கு அதற்குப் பதில் இருக்கிறது. எனக்கு இருக்கவில்லை, ஒவ்வொரு ஊரிலும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்துதான் நுழைய வேண்டியிருந்தது.

சரி, மீட்டெடுப்புக்கு வருகிறேன். இந்தச் சொல் இப்போது எங்கும் அடிபடுகிறது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டை ஐ.நா. சபையே சூழல் மீட்டெடுப்புக்கு ஒதுக்கியிருக்கிறது. ஆன்லைன் படிப்பு விளம்பரங்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விளம்பரப் படத்தில் யாராவது மரக்கன்று நட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே பிச்சாவரம் ஞாபகம் வரும்.

பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டை வெகு காலம் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாக முளைத்துவிடும் என்று எதிர்பார்ப்பு. முளைக்கவில்லை. நிழல் போனதும் மண் காய்ந்து அமுங்கி, அந்த இடம் ஒரு தட்டு மாதிரிக் குழிந்துவிட்டது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் சாகத்தான் செய்யும். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள்; மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஏற்றத்தில் தண்ணீர் எல்லா மூலைக்கும் போனது, வற்றத்தில் வெளியே வந்தது, உப்பு இறங்கியது. அதன் பிறகு நட்ட வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் நின்றது. வாய்க்கால் எந்தச் சரிவில், எவ்வளவு ஆழத்தில் போக வேண்டும் என்று தீர்மானித்ததில்தான் அந்தக் காடு திரும்பியது. லெவல் மெஷின் பிடித்தவர்கள் செய்யக்கூடிய வேலை அது.

ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் இதே கதை, அளவு மட்டும் பெரியது. கடல் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, உப்புத்தன்மை குறைந்து, களை மண்டி, மீன் குறைந்து, 1993-ல் ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சர் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. ஆய்வு செய்து, இடம் பார்த்து, 2000-ம் ஆண்டு செப்டம்பரில் புது முகத்துவாரம் வெட்டினார்கள். 2002-ல் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. ஆரோவில் தெரிந்திருக்கும். 1968-ல் அங்கே வந்தவர்கள் பார்த்தது ஓடை அரித்த செம்மண் பொட்டல். மழைத் தண்ணீரை நிறுத்த வரப்புப் போட்டது, இன்றைய காட்டுக்கு மரம் நட்டதைப் போலவே முக்கியமான வேலை.

ஆனால் நம் சிவில் படிப்பில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. உயிர்களைப் பற்றி நமக்கு ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை. உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தக் கண்மாயைத் தூர்வாரும் எஸ்டிமேட்டை என்னைப் போன்ற ஒரு சிவில் ஆள் போட்டால், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களை இடைஞ்சல் என்று எழுதிவிடுவோம். அவற்றின் மேல்தான் கூடு. வேடந்தாங்கலில் ஏரித் தண்ணீரோடு கலக்கும் பறவை எச்சம் வயலுக்கு உரம் என்று தெரிந்துதான் அந்த விவசாயிகள் தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். எந்த மரத்தை விடுவது, கரையோரச் சரிவை எவ்வளவு மெல்ல வைத்தால் நீண்டகால் கொக்குகள் நின்று மேயும், எந்தக் கோரை இருந்தால் எந்த மீன் முட்டையிடும், இதெல்லாம் நீங்கள் படித்தே ஆக வேண்டிய பகுதி. உங்களுக்குப் புதிய படிப்பு தேவைப்படுவது இங்கேதான்.

இப்போது உங்கள் மூன்று வழிகள்.

ஆறு மாத ஆன்லைன் படிப்பு: பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். களத்தில் எத்தனை நாள்? பாடம் எடுப்பவர்கள் மீட்டெடுத்த இடம் எங்கே இருக்கிறது, நான் போய்ப் பார்க்கலாமா? வேலை முடிந்து மூன்று வருடம் கழித்து அங்கே யாராவது அளந்தார்களா? பதில் மழுப்பலாக வந்தால் 85,000 ரூபாய்க்கு ஆட்டோ லெவல் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடலாம், மிச்சமும் இருக்கும். வெறும் பாடம்தான் வேண்டும் என்றால் ஐஐடி பேராசிரியர்களின் நீரியல், நிலத்தடி நீர்ப் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் சிறு கட்டணம். நிலத்தடி நீரை நேரில் கற்க புனேயில் உள்ள அக்வாடம் அமைப்பு நடத்தும் குறுகிய பயிற்சிகள் நல்லவை. கிணறு கிணறாக அழைத்துப் போவார்கள்.

நெதர்லாந்து: டெல்ஃப்ட் நகரில் ஐஎச்இ என்று ஒரு நிறுவனம், 1957-ல் வளரும் நாடுகளின் பொறியாளர்களுக்காகவே தொடங்கப்பட்டது. அங்கே படித்தவர்கள் உலகம் முழுக்க நீர்த்துறைகளில் இருக்கிறார்கள். அந்தத் தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, சந்தேகமெல்லாம் 25 லட்சம் கடனில்தான். இந்தத் துறையின் சம்பளத்தில் அதைக் கட்டுவதற்கு வெளிநாட்டிலேயே இருக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு மனசு இருப்பதோ மானாமதுரைக் கண்மாயில். எராஸ்மஸ் முண்டஸ் போன்ற முழு உதவித்தொகை கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போதும் ஒரு வருடம் சொந்தமாக அளந்த நீர்நிலை ஒன்று கையில் இருந்தால் உங்கள் கடிதம் மற்றவர்களுடையதைப் போல இருக்காது.

எம்.இ.: உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம் இருக்கிறது, வெறும் கட்டுமானம் என்று நிற்காமல் பாசன நிர்வாகத்தையும் விவசாயிகளையும் சேர்த்துப் பார்க்கும் மரபு அங்கே உண்டு. ரூர்க்கி ஐஐடியில் யுனெஸ்கோ உதவியோடு 1972-ல் தொடங்கிய நீரியல் துறை இருக்கிறது, கணக்கில் பிடிப்பு இருந்தால் அங்கே. கேட் தேர்வு பிப்ரவரியில் வரும், அண்ணா பல்கலைக்கு சீட்டா தேர்வும் உண்டு. கணக்கைவிட மனிதர்களும் சட்டமும்தான் உங்களை இழுக்கிறது என்றால் மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தில் நீர்க்கொள்கை பற்றிய முதுகலையைப் பாருங்கள். எங்கே சேர்ந்தாலும் ஆய்வுத் தலைப்பாக உங்கள் கண்மாயையே எடுங்கள். செடி, பறவை, பூச்சி தெரிந்த ஒருவரை இரண்டாவது வழிகாட்டியாகக் கேட்டு வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். நீர்வளத் துறை 2021-ல்தான் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து தனித் துறையானது. அதன் உதவிப் பொறியாளர் பணிக்கு வழி டிஎன்பிஎஸ்சிதான். கேட் தேர்வுக்குப் படிப்பதில் பெரும்பகுதி அதற்கும் உதவும். ஆனால் உள்ளே போனால் நாளில் பாதி எஸ்டிமேட், வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக், பில் என்றுதான் போகும். மீதிப் பாதியில் ஒரு மடையைச் சரியான மட்டத்தில் வைக்கிற அதிகாரம் இருக்கும், வெளியே யாருக்கும் இல்லாத அதிகாரம்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது, சீரான ஏணி மட்டும் இல்லை. மதுரையில் தானம் அறக்கட்டளை மாதிரிக் கண்மாய் வேலையில் பல்லாண்டு அனுபவமுள்ள அமைப்புகள் உண்டு, சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதை ஒட்டியே இருக்கும். நகரங்களில் வெள்ளம் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணினியில் கணிக்கும் ஆலோசனை நிறுவனங்கள் கூடுதலாகத் தருவார்கள். ஆற்று வெள்ளத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ், வரைபடம் போடும் க்யூஜிஐஎஸ் இரண்டும் தெரிந்தால் போதும், இரண்டும் இலவச மென்பொருள்கள், ராத்திரி உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். மாநிலத்தில் ஈரநில இயக்கம் தொடங்கியிருக்கிறது, முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் என்று இளைஞர்களை மாவட்டங்களில் வைத்துப் பயிற்றும் வழியும் ஒன்று. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் குளம் தூர்வாருகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு மட்டம் எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை, அல்லது கேட்பதில்லை. திட்டத்துக்குத் திட்டம் வேலை மாறும், நடுவில் நாலு மாதம் சும்மா இருக்க வேண்டிவரும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு இறங்குங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துவிடும். இந்தப் புரட்டாசிக்குள் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போய், மடையின் அடிமட்டத்தையும் பள்ளத்தின் அடிமட்டத்தையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் அங்கே இறங்க முடியாது, அப்புறம் சித்திரை வரை காத்திருக்க வேண்டும். எடுத்த மட்டங்களை எனக்கு எழுதுங்கள். எந்த மடை எவ்வளவு தாழ்வு என்று சேர்ந்து பார்க்கலாம்.